‘மல்லாந்துதான் படுப்பா’ என்றார் சூசை

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அரைப் பக்கம் போதும் என்றார்கள். அரைப் பக்கத்தில் விஷயத்தை முடிக்கத் தெரிந்தவன் மெத்தை விற்க வந்திருக்க மாட்டான். ஆகவே கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மெத்தையில் எத்தனை ஸ்பிரிங், எந்த அடுக்கில் ஜெல், எது லேடக்ஸ், எது ஃபோம் என்பதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் வந்து சொல்லித் தருவார்கள். யாருக்கு எது என்கிற பாடமும் அதில் உண்டு. ஒருக்களித்துப் படுப்பவருக்கு மேலடுக்கு மெத்தென்று இருக்க வேண்டும், தோளும் இடுப்பும் உள்ளே அமுங்க இடம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரம். குப்புறப் படுப்பவருக்குக் கெட்டி, இல்லாவிட்டால் வயிறு கீழே இறங்கி முதுகு வில்லாக வளைந்துவிடும். இதை ஒப்பிக்க ஒரு நாள் போதும். யார் எப்படிப் படுக்கிறார் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். ராமநாதபுரத்தில் முப்பது வருஷம் மெத்தை விற்ற நான் அதில் ஒரு தடவை நன்றாகச் சறுக்கினேன். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால். அதாவது எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்.

நம் பக்கத்தில் மெத்தை வாங்கும் முறையே தனி. கல்யாணச் சீருக்கு வாங்க வருகிறவர்கள் எட்டுப் பேர் இருப்பார்கள். அதில் படுக்கப்போகிற இருவர் இருக்க மாட்டார்கள். வருகிற எட்டுப் பேரும் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். முகர்ந்து பார்த்துச் செருப்பு வாங்குகிற மாதிரிதான் இது. வாங்கிக்கொண்டு போனபின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மாட்டார்கள். மண்டபம் ஊர்க்காரர் ஒருவர், கூலிங் மெத்தை என்று சொல்லி இட்லிச் சட்டியைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று போனில் சத்தம் போட்டார். போய்ப் பார்த்தேன். கம்பெனி உறை அப்படியே இருந்தது. அதற்கு மேல் ஒரு ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் ஒரு போர்வை. மெத்தை புதுசாகவே இருக்க வேண்டுமாம். கத்தியை எடுத்து உறையை நானே கிழித்தேன். அவர் மனைவி, தன் தாலிக்கயிற்றையே நான் அறுத்ததுபோல் என்னைப் பார்த்தார்.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெண்கள் கடையில் படுத்துப் பார்க்க மாட்டார்கள். நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் காலை நீட்டிப் படுப்பதாவது. நாமும் வற்புறுத்த முடியாது. ‘நீங்க எப்படிப் படுப்பீங்க’ என்று ஒரு பெண்ணைப் பார்த்து நான் எப்படிக் கேட்பது? அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். மனைவியைப் பற்றியும் கணவரிடமே கேட்டுவிடுவது. கட்டின புருஷனுக்குத் தெரியாதா என்பது என் எண்ணம்.

சூசையும் ரோசம்மாவும் பாம்பனிலிருந்து வந்தார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. சூசை விசைப்படகில் போகிறவர். வாரத்தில் மூன்று நாள் காலையில் போய் மறுநாள் காலையில் கரைக்கு வருவார். ரோசம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் இருக்கும் பாசியைக் கையால் பிடுங்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாகப் பிடுங்கியதில் வலது தோள் இறுகிப்போயிருந்தது. கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

“தரையில படுக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. பயிற்சி செய்யணுமாம், நல்லா ஒறங்கணுமாம். கை இப்படியே நின்னுபோச்சுன்னா இவ பாசிக்குப் போக முடியாது சார்” என்றார் சூசை.

“போகாம என்ன செய்ய” என்றார் ரோசம்மா. என்னிடம் சொல்லவில்லை, மெத்தையிடம் சொன்னார்.

நான் வழக்கம்போல் சூசையிடம் கேட்டேன். “வீட்டுல எப்படிப் படுப்பாங்க? ஒருக்களிச்சா, மல்லாந்தா?”

“மல்லாந்துதான் படுப்பா. படுத்தா படுத்தபடி கெடப்பா சார், அசைய மாட்டா. நான்தான் குப்புற விழுந்து கெடக்கிறவன்.”

ரோசம்மா கணவரை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. “சூடு ஏறாத மெத்தை இருக்காமே, அது வேணும். இவுக போட்டுலருந்து வந்து பகல்ல ஒறங்கணும். மொட்டைமாடிச் சூடு அம்புட்டும் கீழதான் எறங்குது.”

மெத்தை ஏசி இல்லை, உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அதில் நான் நேர்மையானவன். பிறகு, மல்லாந்து படுப்பவர் ஒருவர், குப்புறப் படுப்பவர் ஒருவர் என்று கூட்டிக் கழித்து, ஸ்பிரிங்கும் ஃபோமும் சேர்ந்த, மேலே கூலிங் அடுக்கு உள்ள ஹைபிரிட் ஒன்றை, சற்றுக் கெட்டியானதாகப் பார்த்துக் காட்டினேன். சூசை செருப்பைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். “பலகையும் இல்ல, பஞ்சும் இல்ல. நல்லாருக்கு சார்” என்றார். ரோசம்மா இடது கையால் ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். முடிந்தது. ரோசம்மாவின் தோளுக்காக வாங்க வந்த மெத்தையை, அவர் தன் கணவரின் உறக்கத்துக்காகவும், நான் அந்தக் கணவரின் வாக்குமூலத்தை வைத்தும் தேர்ந்தெடுத்து முடித்தோம்.

பத்து நாள் கழித்து ரோசம்மா போன் செய்தார். மெத்தை சரிப்படவில்லை என்றார். “புது மெத்தைம்மா. உடம்புக்குப் பழக மூணு வாரம் ஆகும்” என்றேன். பழக நாளாகும் என்பது உண்மைதான். ஆனால் நாம் அதை எப்போதும் உண்மைக்காகச் சொல்வதில்லை. ஒரு மாதத்துக்குள் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம் என்பது கடையின் விதி. மூன்று வாரம் போனால் மாதம் போய்விடும். அந்த வாக்கியத்தை நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். சொல்லும்போது உங்கள் குரலை நீங்களே கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, கடை திறந்ததும் இருவரும் வந்துவிட்டார்கள். சூசைக்கு இதில் இஷ்டமில்லை. “எனக்கு நல்லாத்தான் ஒறக்கம் வருது. இவளுக்குத்தான் ஒத்துக்கலைங்கிறா. என்னன்னு கேட்டுப் பாருங்க சார். நான் போட்டுக்கு ரோப்பு வாங்கிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கியதும் ரோசம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது. தலைமுடியை அள்ளி முடிய இடது கை ஒன்றையே வைத்துச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரிடம் கேட்க வாய் வரவில்லை. திரைச்சீலைப் பிரிவில் இருந்த பாத்திமாவைக் கூப்பிட்டு, நீ கேளும்மா என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வரிசையில் தலையணைகளை அடுக்கத் தொடங்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்த தலையணைகள்தான்.

பாத்திமா சுற்றி வளைக்கிற ஆளில்லை. “அக்கா, நெசமா நீங்க எப்படித்தான் படுப்பீக?”

ரோசம்மா மெல்லச் சொன்னார்.

“இவுக வீட்டுல இருக்கிற அன்னைக்கு மல்லாந்துதான் கெடப்பேன். பொரண்டா வலி தாங்காம முனகிருவேன். முனகினா இவுக முழிச்சுக்கிருவாக. மறுநா போட்டுக்குப் போற மனுசன், ஒறக்கம் கெட்டுப்போயிக் கடல்ல நிக்க முடியுமா? அதான் அசையாம கெடப்பேன். ஒறங்க மாட்டேன். இவுக கடலுக்குப் போன அன்னைக்குத்தான் எடது பக்கமா ஒருக்களிச்சு ஒறங்குவேன். இந்த மெத்தையில அதுவும் ஆகல. கெட்டியா இருக்கா, எடது தோளு மரத்துப்போகுது. நல்லா இருந்த கையும் காலையில வர மாட்டேங்குது.”

“அண்ணேகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா இவுக தரையில போயிப் படுத்துக்கிருவாக. ராவெல்லாம் அலைக்குள்ள நிக்கிற மனுசன். தடைக்காலம் வேற வருது. ரெண்டு மாசம் போட்டு போகாது. அம்புட்டு நாளும் இவுக வீட்டுலதான் இருப்பாக.”

தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சூசை பொய் சொல்லவில்லை. தான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் ஒரு பெண் தூங்காமல் கிடந்தால் தோள் எங்கே சரியாவது? இடது கையும் போய்விட்டால் பாசி எங்கே எடுப்பது? நான் பாட்டுக்கு மூணு வாரம் பழகணும் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லியிருக்கிறேன்.

கடையில் பிளஷ் வகைக் கூலிங் ஹைபிரிட் ஒன்றே ஒன்றுதான் காட்சிக்குப் போட்டிருந்தோம். கீழே ஸ்பிரிங், மேலே நல்ல கனமான மென்மையான அடுக்கு. பாத்திமாவிடம் கண்ணைக் காட்டினேன். அவள் திரைச்சீலை மாட்டும் ஸ்டாண்டுகள் இரண்டை இழுத்து வந்து மறைப்பாக நிறுத்தினாள். “செருப்பக் கழட்டிட்டுச் சும்மா படுங்கக்கா. நான் இங்கனதான் நிக்கிறேன்.”

மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொல்லச் சொல்ல அவள் சரிபார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை நேராக இருக்கிறதா? இருக்கிறது. இடது தோள் உள்ளே அமுங்குகிறதா? அமுங்குகிறது. வலது கைக்கு அடியில் அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாள். பத்து நிமிஷமாவது அப்படியே படுத்திருந்தால்தான் மெத்தையைப் பற்றி ஏதாவது தெரியும், இருக்கட்டும் என்றேன். ஐந்து நிமிஷத்தில் பாத்திமா வெளியே வந்தாள்.

“அக்கா ஒறங்கிட்டாக சார்.”

அந்த நேரம் பார்த்துத்தான் கல்யாணக் கூட்டம் உள்ளே வந்தது. உத்தரகோசமங்கைப் பக்கத்திலிருந்து ஒன்பது பேர். பெண்ணின் தகப்பனார் எனக்கு மச்சான் முறை. நான் இருக்கிறேன் என்பதற்காகவே கட்டில், மெத்தை, பீரோ எல்லாம் நம் கடையில் எடுப்பதாக இருந்தார். அந்த மாதத்திலேயே பெரிய வியாபாரம்.

“மாப்ள, சென்னையில இருக்கிற மாப்பிள்ளை இந்த மாடல்தான் வேணும்னு போன்ல அனுப்பிருக்காரு. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பாத்து அட்வான்ஸைப் போட்ரணும்” என்றார். போனில் இருந்தது அதே பிளஷ் மெத்தை. மணி பத்தேகால்.

“அட்வான்ஸைப் போட்டுருங்க மச்சான். பத்தரைக்கு மேல நிதானமாப் பாருங்க” என்றேன்.

“பாக்காம எப்படிப் போடுறது?” என்று சொல்லிக்கொண்டே மறைப்பை விலக்கிவிட்டார். ரோசம்மா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். மச்சான் அவருடைய காலைப் பார்த்தார். பாறை கிழித்த தழும்புகள் கணுக்கால் வரை இருந்தன. “யாரு இது? கடக்கரை ஆளா?” என்றார்.

சரியாக அப்போது சூசை வாங்கிய ரோப்போடு உள்ளே வந்தார். மச்சான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் முகம் சுண்டிப்போனது. “ஏ புள்ள” என்று கையை நீட்டிக்கொண்டு மனைவியை எழுப்பப் போனார்.

எனக்கு அப்போது கிடைத்த நேரம் அவர் நாலு எட்டு வைக்கும் நேரம்தான். ஒரு பக்கம் மச்சான், ராகு காலம், ஒன்பது பேர், கல்லாப்பெட்டி. இன்னொரு பக்கம் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத ஒரு பெண். அப்போது நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று இப்போது சொன்னால் அது ஜோடனை. “எழுப்பாதீங்க சூசை” என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

“மெத்தைக் கடையில ஒரு பொம்பளை தூங்குறாங்கிறதுக்காக நாங்க நிக்கணுமா மாப்ள?” என்றார் மச்சான்.

“உங்களுக்கு வர்றது கம்பெனியில இருந்து புதுசா, பிரிக்காம வரும் மச்சான். இது காட்சிக்கு வச்சிருக்கிறது.”

“எவ படுத்த மெத்தையைக் காட்டி எம்மகளுக்கு விக்கிற” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். எட்டுப் பேரும் பின்னால் நடந்தார்கள். பத்தரைக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது எதிர்ச்சாரிக் கடையில் அட்வான்ஸ் போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கல்யாணத்துக்கு நான் போனேன். அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. வியாபாரம் கைவிட்டுப் போன அன்றே முதலாளி போனில், “கடைய யாவாரத்துக்கு வச்சிருக்கமா, ஒறங்குறதுக்கு வச்சிருக்கமா?” என்று கேட்டார். மெத்தைக் கடைக்கு இரண்டும் ஒன்றுதானே என்று பதில் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

சூசை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரோப்புச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ரோசம்மா தூக்கத்திலேயே வலது பக்கம் புரண்டார். புரளும்போது ஒரு முனகல் வந்தது. நல்ல நீளமான முனகல், வலியில் வருவது. சூசை விருட்டென்று எழுந்தார். ரோசம்மா விழிக்கவில்லை. மறுபடி இடது பக்கம் திரும்பித் தூக்கத்தைத் தொடர்ந்தார்.

“வீட்டுல ஒரு நாளும் இப்படி முனகுனதில்லையே சார்.”

அதன் காரணம் ரோசம்மா என்னிடம் சொன்ன விஷயமில்லை. பாத்திமாவிடம் சொன்னது. பாத்திமா சொல்லிவிட்டாள்.

“அண்ணே, நீங்க வீட்டுல இருக்கிற அன்னைக்கு அக்கா ஒறங்குறதே இல்லையாம். முனகுனா நீங்க முழிச்சுக்கிருவீகன்னு அசையாமக் கெடப்பாகளாம்.”

சூசை திரும்ப உட்கார்ந்தார். ரோப்பின் நுனியைப் பிரித்துப் பிரித்து முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வேலை இருப்பதுபோல நகர்ந்துவிட்டேன்.

ரோசம்மா முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து, கூச்சத்தோடு சேலையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினார். கணவரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“ஏன் சொல்லல?” என்றார் சூசை.

“என்னத்தச் சொல்ல.”

சூசை என்னிடம் திரும்பினார். “இதைக் கொடுங்க சார்.”

இங்கே நான் மறுபடி விற்பனையாளன் ஆனேன். குப்புறப் படுப்பவருக்கு இது ஆகாது, இடுப்பு வலி வரும் என்றேன். ஒரே கட்டிலில் தனித்தனியாக இரண்டு மெத்தை போடலாம், அவருக்கு மென்மையாக ஒன்று, உங்களுக்குக் கெட்டியாக ஒன்று என்றேன். சரியான ஆலோசனைதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். அதோடு நிறுத்தாமல், வழக்கமான பாடத்தையும் ஒப்பித்தேன். “அப்படிப் போட்டா ஒருத்தர் பொரண்டா இன்னொருத்தருக்குத் தெரியவே தெரியாது.”

“எனக்குத் தெரியணும் சார்” என்றார் சூசை.

பில் புத்தகத்தை எடுத்தேன். நம் தொழிலில் சரியான யோசனையைச் சொல்ல வேண்டும், அது நம் கடமை. அது எடுபடாத இடம் வந்தால் நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். பழைய மெத்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதுசை மறுநாள் பாம்பனுக்கு அனுப்பினேன். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.

மெத்தை தோளைக் குணமாக்கும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது மருந்தில்லை. ரோசம்மா அதன்பின் பயிற்சிக்கென்று வாரம் இரண்டு நாள் ராமநாதபுரம் வந்துபோனார். வந்த நாளெல்லாம் பாத்திமாவைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

தடைக்காலம் வந்தது. பாசி எடுக்கும் பெண்களும் அப்போது கொஞ்ச நாள் கடலில் இறங்க மாட்டார்கள். ஆனால் ஆண்களுக்கு முன்பே அவர்கள் திரும்பத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில் சூசை போன் செய்தார்.

“சார், நீங்க சொன்னது சரிதான். இடுப்பு வலிக்குது.”

“நான் அப்பவே சொன்னேன். உங்களுக்குத் தனியா ஒண்ணு கெட்டியா அனுப்புறேன்.”

“வேணாம் சார். சும்மா சொல்லணும்னு தோணுச்சு. நேத்து ராத்திரி நாலு தடவை முனகுனா. நாலு தடவையும் எந்திரிச்சுப் பாத்தேன். நல்லா ஒறங்கிக்கிட்டேதான் முனகுறா.”

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“காலையிலயே பாசிக்குப் போயிட்டா சார். ஒலை கொதிக்குது, அரிசியப் போடணும். போனை வச்சிரவா?”